‘பில் ஏறிப்போச்சு’ என்றால் ஏறியது எது?

மின் பட்டியல் கேற்றுக் கம்பியில் செருகப்பட்ட அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் மூன்று கருத்துகள் தவறாமல் காதில் விழும். மீற்றர் பார்க்கிறவர் நாலு நாள் பிந்தி வந்தபடியால்தான் யுனிட் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிட்டது என்பது முதலாவது. பழைய சில்லு மீற்றரைக் கழற்றிப் புதிய மீற்றர் பூட்டிய நாளிலிருந்து அது வேகமாக ஓடுகிறது என்பது இரண்டாவது. வானொலியில் கட்டணம் குறைந்தது என்றார்கள், எங்களுக்கோ கூடித்தான் வந்திருக்கிறது, ஆகவே இது முழுப் பொய் என்பது மூன்றாவது. திருகோணமலை நகரத்தில் மட்டுமல்ல, கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் இதே மூன்றையும் கேட்டிருக்கிறேன். மூன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. ஆனால் சொல்லப்படுகிற விதத்தில் மூன்றுமே தவறு.

ஒரு மின் பட்டியலின் தொகை மூன்று எண்களால் தீர்மானிக்கப்படுகிறது: எவ்வளவு மின்சாரம், எத்தனை நாட்களில், என்ன விலைக்கு. இந்த மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. எவ்வளவு என்பது உங்கள் வீட்டிலும் மீற்றரிலும் முடிவாகிறது. எத்தனை நாள் என்பது வாசிப்பவர் வரும் திகதியில் முடிவாகிறது. என்ன விலை என்பது கொழும்பில் ஓர் ஆணைக்குழுவின் மேசையில் முடிவாகிறது. எந்த எண் ஏறியது என்று பிரித்துப் பார்க்காமல் கருமபீடத்தில் போய் நிற்பவர், விலையைத் தீர்மானிக்காதவரிடம் விலையைப் பற்றிச் சண்டை பிடித்துவிட்டு, உண்மையில் திருத்தக்கூடிய பிழையைக் கவனியாமலே வீடு திரும்புகிறார்.

யுனிட் என்பது எதன் அளவு?

தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை எவ்வளவு திறந்திருக்கிறீர்கள் என்பது ஒன்று. வாளியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்பது இன்னொன்று. மின்சாரத்தில் முதலாவதை வாற்று என்ற அலகால் சொல்கிறோம். ஒரு கருவி எந்த வேகத்தில் மின்சாரத்தை இழுக்கிறது என்பதே அது. வாளியில் சேர்ந்த அளவைத்தான் யுனிட் என்கிறோம். 1000 வாற்றுக் கருவி ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் அது ஒரு யுனிட். பட்டியலில் இதனையே கிலோவாற்று மணி என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே, பெரிய கருவிதான் பில்லை ஏற்றும் என்ற எண்ணம் பாதிதான் சரி. 2000 வாற்றுக் கேத்தலில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க மூன்று நிமிடம் எடுத்தால் அதற்குச் செலவு 0.1 யுனிட் மட்டுமே. மாறாக, 75 வாற்று மின்விசிறி ஒன்று சின்னக் கருவிதான். ஆனால் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இரவு முழுவதும் அது ஓயாது. இரண்டு அறைகளில் இரண்டு விசிறிகள் இரவுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் ஓர் இரவுக்கு 1.5 யுனிட், முப்பது இரவுக்கு 45 யுனிட். இந்த 45 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியில் வருகிற 60 என்ற எல்லையின் முக்கால் பங்கை இரண்டு விசிறிகள் மட்டுமே தின்றுவிடுகின்றன என்பது அப்போது விளங்கும்.

ஓட்டோவும் பஸ்சும்

கட்டணம் கணக்கிடும் முறையை விளங்கிக்கொள்ள இரண்டு பயணங்கள் போதும். மீற்றர் பூட்டிய ஓட்டோவில் ஏறியதும், சில்லு உருளுமுன்னரே ஒரு தொகை காட்டும். அதன்பின் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று ஏறும். மின் பட்டியலிலும் அப்படி ஒரு தொடக்கத் தொகை உண்டு. அதற்கு நிலையான கட்டணம் என்று பெயர். கம்பி, தூண், மின்மாற்றி, வாசிப்பவரின் வேலை ஆகியவை நீங்கள் ஒரு விளக்கும் எரிக்காவிட்டாலும் இருக்கவே செய்கின்றன என்பதால், பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய் மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கும் இது வரும்.

ஆனால் ஓட்டோவில் தொடக்கத் தொகை எல்லாருக்கும் ஒன்றே. மின் பட்டியலில் அப்படியில்லை. நீங்கள் மாதத்தில் எவ்வளவு பாவித்தீர்கள் என்பதைப் பொறுத்து அந்த நிலையான கட்டணமும் மாறும். பஸ்சில் ஒரு தரிப்பு கூடப் போனால் அடுத்த தொகைக்கு ரிக்கற் எடுக்க வேண்டியிருப்பதைப் போல, பாவனை ஓர் எல்லையைத் தாண்டியதும் நிலையான கட்டணம் ஒரேயடியாக மேலே குதிக்கும். இந்த எல்லைகளுக்கிடையிலான பகுதியைத்தான் கட்டம் என்கிறோம்.

வீட்டுப் பாவனைக்கு எல்லைகள் 30, 60, 90, 120, 180 யுனிட்டுகளில் இருக்கின்றன. இவற்றுள் 60 மற்ற எல்லைகளைப் போன்றதல்ல. மாதம் 60 யுனிட்டுக்குள் பாவிப்பவர் சாதாரண பஸ்சில் போகிறார். 61 ஆவது யுனிட்டைத் தொட்டதும், அவர் புறப்பட்ட இடத்திலிருந்தே சொகுசு பஸ்சில் வந்ததாகக் கணக்கிடப்படுகிறார். அதாவது, முதல் யுனிட்டிலிருந்தே விலை வேறு. வருமானம் குறைந்த வீடுகளுக்குச் சலுகை சேர வேண்டும், அதிகம் பாவிப்பவர் அந்தச் சலுகையையும் சேர்த்து அனுபவிக்கக்கூடாது என்பதே இதன் நோக்கம். நோக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அது எவ்வளவு கூர்மையாக வெட்டுகிறது என்பதைப் பட்டியலில் எங்காவது தெளிவாக எழுதியிருக்கலாம்.

2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 60 யுனிட்டுக்குள் பாவித்தவருக்கு முதல் 30 யுனிட்டுக்குத் தலா 4 ரூபாய், அடுத்த 30 க்குத் தலா 6 ரூபாய். நிலையான கட்டணம் 30 வரை 75 ரூபாய், 31 முதல் 60 வரை 200 ரூபாய். 60 ஐத் தாண்டியவருக்கு முதல் 60 யுனிட்டுக்கும் தலா 11 ரூபாய், 61 முதல் 90 வரை 14 ரூபாய், 91 முதல் 120 வரை 20 ரூபாய், 121 முதல் 180 வரை 33 ரூபாய், அதற்கு மேல் 52 ரூபாய். நிலையான கட்டணம் இதே வரிசையில் 400, 1000, 1500, 2000 ரூபாய். வரிகளைத் தள்ளிவைத்துக் கணக்குப் போடுவோம். சரியாக 60 யுனிட் என்றால் 120 உம் 180 உம் சேர்ந்து 300, நிலையான கட்டணம் 200, மொத்தம் 500 ரூபாய். 61 யுனிட் என்றால் 660 உம் 14 உம் சேர்ந்து 674, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1074 ரூபாய். அந்த ஒரு யுனிட்டின் விலை 574 ரூபாய்.

இதே கணக்கு மூன்றாவது முறைப்பாட்டையும் விளக்கிவிடுகிறது. அந்த ஜனவரியில் கட்டணம் சராசரியாக 20 சதவீதம் குறைக்கப்பட்டது என்ற செய்தி பொய்யல்ல. அதற்கு முன்னர், 2024 ஜூலைக் கட்டணத்தின்படி 58 யுனிட் பாவித்த வீட்டுக்கு முதல் 30 க்கு 6 ரூபாய் வீதமும் மிகுதி 28 க்கு 9 ரூபாய் வீதமும், நிலையான கட்டணம் 250 உம் சேர்ந்து 682 ரூபாய் வந்திருக்கும். கட்டணம் குறைந்த பிறகு அதே வீடு 63 யுனிட் பாவித்தால் வருவது 1102 ரூபாய். விலை குறைந்தது உண்மை, பில் கூடியதும் உண்மை. ஐந்து யுனிட் வித்தியாசத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

சுருக்கமாக: நீங்கள் செலுத்துவது யுனிட் பெருக்கல் விலை அல்ல. எந்தக் கட்டத்தில் போய் விழுந்தீர்கள் என்பதே தொகையைத் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன ரூபாய்க் கணக்குகள் அந்தந்தக் காலத்துக்கு உரியவை. அவற்றை இன்றைய பில்லோடு ஒப்பிட வேண்டாம், கணக்கின் வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாள் பிந்தி வந்தால்

இப்போது மிக அதிகமாகச் சொல்லப்படுகிற முறைப்பாட்டுக்கு வருவோம். 60, 90 என்ற எல்லைகள் 30 நாள் மாதத்துக்கு உரியவை. வாசிப்பு 34 நாட்களின் பின் நடந்தால் எல்லையும் அதற்கேற்ப நீட்டப்படும்: 60 என்பது 68 ஆகும், 90 என்பது 102 ஆகும். ஆகவே பிந்தி வந்த நான்கு நாட்களின் யுனிட்டுகள் உங்களை அடுத்த கட்டத்துக்குள் தள்ளிவிடுவதில்லை. அவை தங்களுக்குரிய இடத்தையும் கூடவே கொண்டுவருகின்றன.

யாரும் முறைப்படாத மறுபக்கம் ஒன்றும் உண்டு. வாசிப்பு 26 ஆவது நாளிலேயே நடந்துவிட்டால் 60 என்ற எல்லை 52 ஆகச் சுருங்கும். 55 யுனிட் பாவித்தவர் பட்டியலைப் பார்த்து, 60 ஐத் தாண்டவே இல்லையே, ஏன் முதல் யுனிட்டிலிருந்தே கூடிய விலை என்று குழம்புவது இப்படித்தான்.

இதனால் மாத யுனிட்டைப் பார்ப்பதிலும் பார்க்க நாளாந்த யுனிட்டைப் பார்ப்பதே பயன். பட்டியலில் முந்தைய வாசிப்புத் திகதியும் இந்த வாசிப்புத் திகதியும் இருக்கும். இடையிலுள்ள நாட்களால் யுனிட்டை வகுத்துக்கொள்ளுங்கள். எல்லைகள் அப்போது நாளுக்கு 1, 2, 3, 4, 6 யுனிட் என்று எளிமையாகிவிடும். நாளுக்கு 2 ஐத் தாண்டினீர்களா என்பதே பெரும்பாலான வீடுகளுக்கு முக்கியமான கேள்வி. நாட்கணக்கின்படி எல்லை சரியாக நீட்டப்படவில்லை என்று கண்டால், அது உறுதியான முறைப்பாடு. ‘ஆள் பிந்தி வந்தார்’ என்பது மட்டும் முறைப்பாடாகாது.

ஒரு வீடு, இரண்டு குடும்பம், ஒரு மீற்றர்

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். காணி சிறிதென்றால் அதே வீட்டின் மேல்மாடியைக் கட்டி மகள் குடும்பத்தை இருத்துவார்கள். மின்சாரத்தைக் கீழ்வீட்டிலிருந்து இழுத்துவிடுவார்கள். கட்டங்களின் விளைவு மிகக் கொடுமையாக விழுவது இந்த வீடுகளில்தான். கீழே 55 யுனிட், மேலே 55 யுனிட் என்று வைத்துக்கொண்டு, அதே 2025 ஜனவரிக் கட்டணத்தில் பாருங்கள். தனித்தனி மீற்றர் இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 470 ரூபாய், இரண்டுக்கும் 940 ரூபாய். ஒரே மீற்றரில் 110 யுனிட்டாகச் சேர்ந்தால் 2480 ரூபாய். மாமியாரும் மருமகனும் யார் விசிறியை நிறுத்தாமல் விட்டது என்று மனஸ்தாபப்படுகிற வீடுகளில் உண்மையான காரணம் இந்த 1540 ரூபாய்தான். தனி வாயில், தனிக் குடியிருப்பு என்று காட்டக்கூடிய நிலை இருந்தால் இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பிப்பதே வழி.

வாடகை வீடுகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு துணை மீற்றரைப் பூட்டி, யுனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை வைத்து வாங்குவார். பெரிய பில் அவர் பெயரில் வருவதால், கணக்கைப் பற்றி முறைப்பட வேண்டியவரும் அவரே. குடியிருப்பவர் நேரே போனால் கணக்கு உங்கள் பெயரில் இல்லையே என்ற பதில் வரக்கூடும். வாடகை உடன்படிக்கை எழுதும்போதே துணை மீற்றரின் தொடக்க வாசிப்பையும், பில்லை எப்படிப் பங்கிடுவது என்பதையும் எழுதிக்கொண்டால் பின்னர் முகம் முறியாது.

விலை யார் கையில்?

பில்லை அனுப்புகிறவரே விலையையும் வைக்கிறார் என்று நினைப்பது இயல்பு, கடையில் அப்படித்தானே. மின்சாரத்தில் அப்படியல்ல. மின்சாரம் வழங்கும் நிறுவனம் கட்டணத்தை முன்மொழியலாம். அதனை ஏற்பதும், மாற்றுவதும், மறுப்பதும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் பொறுப்பு. 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இந்த ஆணைக்குழுவை ஒழுங்குபடுத்துநர் என்பார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று விலையையும் சேவையையும் கண்காணிக்கும் அமைப்பு என்பதே அந்தச் சொல்லின் பொருள்.

இது வெறும் சம்பிரதாயமல்ல என்பதற்கு அண்மைக் காலமே சாட்சி. 2024 இன் இறுதியில் மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டியதில்லை என்று முன்மொழிந்தபோது, மாகாணங்கள் தோறும் பொதுமக்கள் கருத்தைக் கேட்ட பின்னர் ஆணைக்குழு 20 சதவீதக் குறைப்பைத் தீர்மானித்தது. 2025 இன் நடுப்பகுதியில் சபை கேட்ட உயர்வு 18.3 சதவீதம், ஆணைக்குழு அனுமதித்தது 15. அதே ஆண்டு ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை ஆணைக்குழு ஏற்கவில்லை. மறுபுறம், 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்த கட்டணங்களும் இதே ஆணைக்குழுவின் பெயரில்தான் வந்தன என்பதையும் மறக்கத் தேவையில்லை.

ஆகவே விலை அதிகம் என்பது உங்கள் குறையானால், அதனைச் சொல்ல வேண்டிய இடம் கட்டண மாற்றத்துக்கு முன் நடக்கும் பொதுமக்கள் கலந்தாலோசனை. எழுத்து மூலமும் கருத்துச் சொல்லலாம். உள்ளூர்க் கருமபீடத்தில் இருப்பவரால் ஒரு சதமும் குறைக்க முடியாது. அவரைத் திட்டுவதால் உங்கள் இரத்த அழுத்தம் மட்டுமே ஏறும்.

இடையில் ஒன்று. சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நடப்பட்டதிலிருந்து, எங்கள் மாவட்டத்தில் மின்சாரம் உண்டாக்கினால் எங்களுக்கு விலை குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். மின்சாரம் நாடு முழுவதற்குமான ஒரே வலையமைப்புக்குள் போகிறது. வீட்டுக் கட்டணமும் நாடு முழுவதற்கும் ஒன்றே. மலிவான மின்சாரம் சேர்ந்தால் அதன் பயன் எல்லாருக்கும் சேரலாம். பக்கத்தில் இருப்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது.

எதனைக் கேள்வி கேட்கலாம்?

விலையைத் தள்ளிவைத்தால், ஒரு பட்டியலில் பிழை இருக்கக்கூடிய இடங்கள் சிலவே. முதலாவது, வாசிப்பு. பட்டியலில் உள்ள இந்த மாத வாசிப்பை எடுத்துக்கொண்டு மீற்றரடிக்குப் போங்கள். நாட்கள் கடந்திருப்பதால் மீற்றரில் உள்ள எண் பட்டியலில் உள்ளதிலும் கூடுதலாகவே இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் எண் தவறாக எழுதப்பட்டிருக்கிறது. வேறு ஆதாரம் தேவையில்லை, கைபேசியில் ஒரு படம் போதும். சில பழைய மீற்றர்களில் கடைசி இலக்கம் வேறு நிறத்தில் இருக்கும். அது தசமப் புள்ளிக்குப் பின்னால் வருவது, அதனையும் சேர்த்து வாசித்தால் எண் பத்து மடங்காகிவிடும்.

இரண்டாவது, மதிப்பீட்டுப் பட்டியல். கேற் பூட்டியிருந்தாலோ நாய் கட்டப்படாமல் நின்றாலோ வாசிப்பவர் மீற்றரைப் பார்க்க முடியாமல், முந்தைய பாவனையை வைத்து உத்தேசமாக ஒரு பட்டியல் போடப்படலாம். பின்னர் உண்மையான வாசிப்பு வந்ததும் இடைப்பட்ட முழு நாட்களும் கணக்கில் எடுக்கப்பட்டு, ஏற்கெனவே போட்ட தொகை கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பாவனை வகை. வீடு, பொது நோக்கம், ஹோட்டல், மதத்தலம் என்று வகைக்கு வகை கட்டணம் வேறு. முன்னறையில் நடத்திய தையல் கடையை மூடி இரண்டு வருடமாகியும் பழைய வகையிலேயே பில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். உப்புவெளியில் வீட்டு இணைப்பை வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடுபவர்கள் இதே விதியின் மறுபக்கத்தையும் யோசித்துக்கொள்வது நல்லது.

நான்காவதுதான் மீற்றர் பழுது. எல்லாரும் முதலில் சந்தேகிப்பது இதனை. நானும் அப்படித்தான் சந்தேகித்தேன். 2025 மார்ச்சில் எங்கள் வீட்டில் 58 யுனிட் என்றிருந்தது 97 யுனிட் ஆனது. பில் 488 ரூபாயிலிருந்து 2220 ரூபாய்க்குப் போயிற்று. மீற்றர்தான் என்று முடிவுகட்டி முறைப்பாட்டுக் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தம்பி வயரிங் வேலை செய்கிறவர். கடிதத்தைக் கொடுக்குமுன் ஒரு இரவு மீற்றரைப் பார்ப்போம் என்றார். புதிய வகை மீற்றரின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று இருக்கும். அதனருகில் 1600 என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருந்தால், அந்த விளக்கு 1600 தடவை மினுங்கினால் ஒரு யுனிட் என்பது பொருள். அவர் முதலில் பிரதான சுவிட்சை நிறுத்தினார், விளக்கு அடங்கியது. பிறகு அதனைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் எல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கையும் கழற்றச் சொன்னார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பத்து நிமிடம் கழிந்திருக்கும். இருட்டில் அந்தச் சிவப்புப் புள்ளி நான்கு விநாடிக்கொரு முறை துடிக்கத் தொடங்கியது. பின் வளவில் தண்ணீர் மோட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் இருந்த ஃபுட் வால்வு பழுதாகி, மேல்தாங்கியில் ஏற்றிய தண்ணீர் வந்த குழாய் வழியே கிணற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தாங்கி வற்ற வற்றத் தானியங்கிச் சுவிட்ச் மோட்டரைப் போட்டுக்கொண்டேயிருந்தது.

“அக்கா, மீற்றர்ல பிழையில்ல,” என்றார் தம்பி. “உங்கட தாங்கியும் கிணறும் தங்களுக்குள்ள தண்ணி மாத்தி விளையாடுது.”

அந்தச் சோதனையின் தர்க்கத்தை மட்டும் தனியே எடுத்துச் சொல்கிறேன். பிரதான சுவிட்சை நிறுத்திய பிறகும் விளக்கு மினுங்கினால், மீற்றரில் பழுது இருக்கலாம், அல்லது மீற்றருக்கும் பிரதான சுவிட்சுக்கும் இடையில் யாரோ கம்பி இழுத்திருக்கலாம். இரண்டுமே முறைப்பட வேண்டிய விடயங்கள். பிரதான சுவிட்சை நிறுத்தினால் அடங்கி, போட்டால் எல்லாக் கருவிகளும் ஓய்ந்திருக்கும்போதும் மினுங்கினால், குறை உங்கள் வீட்டுக்குள்தான். மின்கசிவாகவும் இருக்கக்கூடும் என்பதால் அதனை நீங்களே தோண்டாமல் மின்வினைஞரிடம் விடுங்கள். மீற்றர் வேகமாக ஓடுகிறதா என்று அறிய, கேத்தலை மட்டும் மூன்று நிமிடம் ஓடவிட்டு மினுங்கல்களைக் கைபேசியில் படம் பிடித்து எண்ணலாம்: 2000 வாற்றுக் கேத்தலுக்கு ஏறக்குறைய 160 வர வேண்டும். மின்னழுத்தம் மாறுவதால் சிறிது கூடிக் குறையும். 250 வந்தால் சந்தேகிக்க இடமுண்டு.

முறைப்படும் வழி

முறைப்பாடு முதலில் போக வேண்டியது பில்லை அனுப்பிய நிறுவனத்துக்கே. மின் தடைக்கு அழைக்கும் 1987 என்ற இலக்கத்தில் சொல்லலாம். ஆனால் பட்டியல் பிணக்கு என்றால் எழுத்தில் கொடுங்கள். தமிழ் அரச கரும மொழி; அத்துடன் கிழக்கு மாகாணத்தில் நிருவாக மொழியும் அதுவே. ஆகவே தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு, சிங்களத்தில் எழுதித்தர ஆள் தேட வேண்டியதில்லை. கடிதத்தில் கணக்கிலக்கம், இரண்டு வாசிப்புகளும் திகதிகளும், இன்றைய மீற்றர் எண், கேள்வி எது என்பது ஆகியவை இருந்தால் போதும். ‘அநியாயமாகக் கூட்டியிருக்கிறார்கள்’ என்று ஒரு பக்கம் எழுதுவதிலும், ‘34 நாட்களுக்கு எல்லை 68 ஆக இருக்க வேண்டும், 60 ஆகக் கணக்கிடப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் தப்புவது கடினம். ஒரு பிரதியில் திகதியுடன் முத்திரையோ கையொப்பமோ வாங்கிக்கொள்ளுங்கள்.

மீற்றரில்தான் சந்தேகம் என்றால் அதனைப் பரிசோதிக்கும்படி கேட்கலாம். கட்டணம் எவ்வளவு, பழுது உறுதியானால் அந்தத் தொகையும் பழைய பட்டியல்களும் எப்படிச் சரிசெய்யப்படும் என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிணக்கு நடக்கும்போது பில்லை முழுவதுமாகக் கட்டாமல் விடுவது புத்தியல்ல. வழக்கமாக வரும் தொகையைக் கட்டிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, எந்தத் தொகையைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருக்கிறீர்கள், விசாரணை முடியும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். சிவப்பு நோட்டீஸ் வந்தால் அந்தக் கடிதத்தின் பிரதியுடன் அன்றே போய்க் காட்டுங்கள்.

பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், அடுத்த படி பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. விலையைத் தீர்மானிக்கும் அதே அமைப்பு நுகர்வோர் பிணக்குகளையும் எடுத்துக்கொள்கிறது. முதலில் நிறுவனத்திடம் முறைப்பட்டதற்கான ஆதாரத்தை அது எதிர்பார்க்கும், அந்த முத்திரையிட்ட பிரதி அங்குதான் உதவும். பொருட்களின் விலைக்கும் தரத்துக்கும் முறைப்படும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை வேறு அமைப்பு. மின் பட்டியலை அங்கே கொண்டுபோய்ப் பலர் நாட்களை வீணாக்குகிறார்கள்.

அதிகம் பேர் பாவிக்காத இன்னொரு கருவியும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கணக்கின் வாசிப்பு வரலாற்றையும், எந்த மாதங்கள் மதிப்பீட்டில் போடப்பட்டன என்பதையும் அரச நிறுவனத்திடம் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கு வழி செய்திருப்பதால் பட்டியலின் தலைப்பில் உள்ள பெயர் மாறியிருக்கலாம். ஆகையால் பழைய பட்டியல்களை எறியாமல் வைத்திருங்கள், கணக்கிலக்கமும் வாசிப்பும் அவற்றில்தான் இருக்கின்றன.

தண்ணீர் பில்லுக்கு இதே வழியா?

பாதி வழி மட்டும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு எங்கள் குழாய்க்கு வருகிறது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதற்குப் பட்டியல் அனுப்புகிறது. இங்கும் யுனிட், கட்டம், நிலையான கட்டணம் எல்லாம் உண்டு. ஒரு யுனிட் என்பது ஒரு கனமீற்றர், அதாவது 1000 லீற்றர். வீட்டின் மேல்தாங்கி அந்த அளவினதென்றால் ஒரு தாங்கி ஒரு யுனிட்.

வேறுபடுவது மேல்முறையீட்டில். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் சட்ட அட்டவணையில் நீர்ச் சேவையும் இருக்கிறது. ஆனால் மின்சாரத்துக்கு இருப்பதுபோல் அதற்கென ஆணைக்குழுவுக்கு அதிகாரமளிக்கும் தனித் துறைச் சட்டம் வராததால், நீர்க் கட்டணம் அமைச்சின் வர்த்தமானி மூலமே வருகிறது, பிணக்கும் பெரும்பாலும் சபைக்குள்ளேயே தீர வேண்டியிருக்கிறது. 1939 என்ற இலக்கம் முதற்படி. எழுத்து மூலக் கடிதம் பிரதேச அலுவலகத்துக்கு. அதற்கு முன், வீட்டில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு, மீற்றர் முகத்திலுள்ள சிறிய நட்சத்திரச் சில்லைப் பாருங்கள். அது சுற்றினால் மீற்றருக்கும் குழாய்க்கும் இடையில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. பெரும்பாலும் கழிவறைத் தாங்கியின் மிதவை வால்வில்தான், அதில் இரவில் காது வைத்துக் கேட்டால் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்கும்.